நாள் முழுவதும் தொடர்பில் இருக்கிறோம், ஆனால் பேசிக்கொள்வதில்லை: எதை வைத்து அளவு பார்ப்பது?

கேள்வி கேட்டவர்: மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். தம்பி வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் பதின்ம வயது மகனும் இன்னோர் ஊரில் இருக்கிறோம். எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கம், வாழ்த்துப் படங்கள், யாரோ அனுப்பியதை அப்படியே மறுபடி அனுப்புவது என்று அது ஒருநாளும் ஓய்ந்ததில்லை. அப்படியிருந்தும், அம்மா குழுவில் போட்ட பூச்செடிப் படத்தின் ஓரத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்துத்தான் அவருக்கு முழங்கால் வலி முற்றியிருப்பதே எனக்குத் தெரிய வந்தது. யாருடைய கோல் அது என்று கேட்டேன். "அது ரொம்ப நாளாகவே இருக்கிறதே" என்றார்.

வாரம் ஒருமுறை காணொளி அழைப்பில் பேசுகிறோம். அதில் அப்பாவின் நெற்றி மட்டும் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவோம், இருவரும் நிறுத்துவோம், "நீ சொல்லும்மா", "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். அழைப்பு முடிந்ததும் எல்லோருக்கும் ஏதோ கடமை முடிந்த களைப்பு.

எங்கள் வீட்டிலும் நிலைமை பெரிதாக மாறுபட்டதில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது என்று விதி போட்டோம். கணவரின் அலுவலக வேலை, மகனின் பாடம், அவனுடைய நண்பர்கள், என் தம்பி என்று எல்லாமே அந்த ஒரே கருவிக்குள் இருப்பதால், எதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டைதான் மிஞ்சியது. கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்ற அறிவுரை எனக்கு வேண்டாம். அது இல்லாவிட்டால் தம்பியின் முகத்தையே நான் பார்க்க முடியாது. மணிக்கணக்கு சரியான அளவு இல்லையென்றால், வேறு எதை வைத்து அளப்பது என்பதே என் கேள்வி.


பதில்: எண்ணும்எழுத்தும்

உங்கள் விதி உடைந்துபோனதில் எனக்கு வியப்பில்லை. மணிக்கணக்கை எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரே காரணம், அதைக் கருவியே எண்ணிச் சொல்லிவிடுகிறது என்பதுதான். ஆராய்ச்சியாளர்களும் தொடக்கத்தில் அந்த வழியில்தான் போனார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிராட் என்பவரின் குழு, 1990களின் நடுவில் பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தது. இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்ததாகவும், தனிமையுணர்வும் மனச்சோர்வும் சற்றுக் கூடியதாகவும் 1998இல் எழுதினார்கள். அது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அதே மக்களைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, அந்தத் தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று அதே குழு 2002இல் எழுதியது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. புதிதாகச் சேர்த்த இன்னொரு தொகுதி மக்களிடம் அவர்கள் கண்டது இதைவிடச் சுவையானது. ஏற்கெனவே கலகலப்பாகப் பழகுபவர்களுக்கும் சுற்றம் சூழ இருப்பவர்களுக்கும் இணையம் நன்மை செய்தது. ஒதுங்கியே இருப்பவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. கருவி ஒன்றுதான், விளைவு ஆளுக்கு ஆள் வேறு.

பின்னர் வந்த ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 2018ஆம் ஆண்டு அமெரிக்க இடைக்காலத் தேர்தலையொட்டி, ஃபேஸ்புக் கணக்கை நான்கு வாரம் முடக்கி வைப்பதற்காக ஒரு தொகுதி மக்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே. மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழிந்தது; இன்னொரு பங்கு தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதில் போய்விட்டது.

ஆகவே நான் கேட்கும் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" என்பதல்ல, "இது எதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது?" என்பதே. பேருந்தில் சும்மா போகும் நேரத்தில் படம் பார்த்தால் யாருக்கும் நட்டமில்லை. அம்மாவிடம் நலம் கேட்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்திருந்தால், அது மூன்று நொடி வேலையாக இருந்தாலும் அதிகம்தான். உங்கள் வீட்டில் ஒவ்வொரு பழக்கத்தையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கணவரின் அலுவலக வேலை தானாகவே கணக்கிலிருந்து வெளியே போய்விடும்.


பதில்: அலைவரிசை

தொலைத்தொடர்பு வலையமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில், அந்தக் காணொளி அழைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்பாவும் மோதிக்கொள்வதற்கு மனத்தொலைவு காரணமல்ல, தாமதம்தான் காரணம்.

நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், மொழிக்கு மொழி சற்று வேறுபட்டாலும், மொத்தச் சராசரி 200 மில்லி நொடியை ஒட்டியே இருந்தது, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. எதிரில் இருப்பவர் எப்போது முடிப்பார் என்பதை நாம் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு வாயைத் திறக்கத் தயாராக இருப்பதால்தான் இது முடிகிறது. இப்போது இந்தக் கணக்கில் வலையமைப்பைச் சேர்த்துப் பாருங்கள். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்றும், 400ஐத் தாண்டக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. வீட்டின் ஒரு மூலையில் வலுவற்ற வைஃபை, அதன் மேல் புளூடூத் இயர்போன், அதன் மேல் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை என்று சேரும்போது, ஒரு வழிக்கே 300 மில்லி நொடி ஆவது சாதாரணம். அப்பா கேள்வி கேட்கிறார். நீங்கள் உடனே பதில் சொல்கிறீர்கள். ஆனால் கேள்வி உங்களிடம் வருவதற்கும் பதில் அவரிடம் போவதற்கும் சேர்த்து அரை நொடிக்கு மேல் அவருக்கு வெறும் மௌனம். மகள் தயங்குகிறாள் போலும் என்று அவர் மறுபடி தொடங்குகிறார். சரியாக அந்த நேரத்தில் உங்கள் பதில் போய் இறங்குகிறது. சோதனைகளில் இப்படித் தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டியபோது, மக்கள் இணைப்பைக் குறை சொல்லாமல், எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்றே எண்ணினார்கள். இது உங்கள் குடும்பத்தில் வாரந்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

செய்யக்கூடியவை எளியவை. அப்பாவின் நெற்றி மட்டும் தெரிகிறது என்றால், அவர் கருவியைக் காதருகே வைத்துப் பேசிப் பழகியவர் என்று பொருள். அவரைக் காதில் வைத்தே பேச விடுங்கள். படத்தை நிறுத்திவிட்டுக் குரல் அழைப்புக்கு மாறினால் இணைப்பின் சுமையும் குறையும், மோதலும் குறையும். படம் வேண்டுமென்றால் கருவியை எதிலாவது சாய்த்து, கண் மட்டத்தில் வைத்து, ரவுட்டருக்கு அருகில் உட்காருங்கள். முடிந்தால் கம்பியுள்ள இயர்போனைப் பயன்படுத்துங்கள். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவது காணொளிக் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். அதை மறைக்க வழி இருக்கும் செயலிகளில் மறைத்துவிடுங்கள்.

குரல் மட்டும் போதுமா என்ற தயக்கம் வேண்டாம். நெடுநாள் பேசாத நண்பர்களோடு மறுபடி தொடர்புகொள்ளச் சொல்லி நடந்த ஓர் ஆய்வும் 2021இல் வந்தது. மின்னஞ்சலைவிடத் தொலைபேசியில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று பங்கேற்றவர்கள் முன்கூட்டியே எண்ணினார்கள். பேசிய பிறகு, சங்கடம் அவர்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை, நெருக்கம் கூடியிருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நெருக்கத்தைக் கொடுத்தது குரல்தான். அதோடு முகமும் தெரிவதால் கூடுதலாகப் பெரிய பயன் தென்படவில்லை.


பதில்: விரல்மொழி

மேலே எழுதிய இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான உறவு குரலில்தான் இருக்கிறது என்பது போல் பேச்சு போவதால் குறுக்கிட வேண்டியிருக்கிறது. எனக்குச் சிறுவயதிலிருந்தே செவித்திறன் மிகக் குறைவு. நான் வளர்ந்த காலத்தில் தொலைபேசி என்றால் எனக்காக வேறொருவர் பேசுவார், கேட்பார், பிறகு அதில் பாதியை எனக்குச் சொல்வார். என் தோழியிடம் நான் சொல்ல நினைத்த எந்த அந்தரங்கமும் என் அக்காவின் காது வழியாகத்தான் போயாக வேண்டும். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பரில் அனுப்பப்பட்டது. அது எங்கள் கைக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்த பிறகுதான் இடையில் ஆள் இல்லாமல் ஒருவரிடம் கோபித்துக்கொள்ளவும் சமாதானம் ஆகவும் எனக்கு முடிந்தது. எனக்கு மனிதத் தொடர்பைக் கொடுத்ததே எழுத்துதான்.

இன்று பேச்சை அப்போதைக்கப்போது எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் உள்ளன. கூகுள் 2019இல் வெளியிட்டதை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். உறவினர் கூடி நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, கருவியை மேசை நடுவில் வைத்து அதன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரிகள் சற்றுத் தாமதமாக வரும், பெயர்கள் கன்னாபின்னாவென்று வரும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். ஆனாலும் சிரிப்பேன். "மேசையில் கைப்பேசி கூடாது" என்று அந்த வீட்டில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு விதி போட்டார். அன்று மாலை முழுவதும் நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விதியைப் போட்டாலும், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லலாமா? முழங்கால் வலியை அவர் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் பார்க்கும் குழுவில் யாரும் "எனக்கு நடக்க முடியவில்லை" என்று போடுவதில்லை. அங்கே பூவைத்தான் போடுவார்கள். அவருக்குத் தனியாக, அவர் பெயர் சொல்லி, நான்கு வரி எழுதுங்கள். பதிலும் தனியாகவே வரும்.


மாலைவெயில் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. மேசை விதியைத்தான் அடுத்ததாகக் கொண்டு வர நினைத்திருந்தேன், விரல்மொழி அவர்களின் பதிலைப் படித்ததும் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனாலும் அது குறித்து ஓர் ஐயம் உண்டு: கருவி எதிரில் இருந்தாலே பேச்சு கெடும் என்று ஆராய்ச்சி சொல்வதாகப் படித்தேன், அது உண்மையா?

இன்னொன்று, சற்றுத் தயக்கத்தோடு கேட்கிறேன். என் மகன் இரவில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு நெடுநேரம் உரையாடுகிறான். பாடம் கேட்கிறான் என்றுதான் எண்ணியிருந்தேன். பள்ளியில் நண்பர்கள் அவனை ஒதுக்குவதைப் பற்றியெல்லாம் அதனிடம் பேசியிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது உங்களைவிடப் பொறுமையாகக் கேட்கிறது" என்றான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.


பதில்: செவிகொடுப்பவர்

பள்ளி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். யாருடையதோ ஒரு கைப்பேசி அருகில் கிடந்தாலே இருவருக்கிடையே நெருக்கம் குறைகிறது என்று இங்கிலாந்தில் ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அறிவியலைத் துணைக்கு அழைத்து வீட்டில் போர் தொடுக்க வேண்டாம். மேசையில் கிடக்கும் கருவி வேறு, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குனிந்து அதைப் பார்ப்பது வேறு. பேசுபவரைப் புண்படுத்துவது இரண்டாவதுதான். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, எதிரில் இருப்பவரின் முகமே சொல்லும்.

இரண்டாவது கேள்வி பெரியது. முதலில், உங்கள் மகன் ஏமாளி அல்லன். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற கணினி நிரலை உருவாக்கினார். மனநல மருத்துவர் போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது பேசிய பிறகு, தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். அது வெறும் நிரல் என்று நன்கு அறிந்தவருக்கே அப்படியென்றால், இன்றைய செயலிகள் சொல்லும் பதில்களுக்கு முன்னால் ஒரு பதின்ம வயதுச் சிறுவன் மனம் திறந்ததில் தவறென்ன இருக்கிறது?

அடுத்து, அவன் சொன்னது குற்றச்சாட்டு அல்ல, உங்களுக்குக் கிடைத்த செய்தி. அவன் வாயைத் திறந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நீ என்ன செய்தாய் என்று விசாரிக்கிறோம். அல்லது ஆசிரியரிடம் நான் பேசுகிறேன் என்று கிளம்பிவிடுகிறோம். செயலி இரண்டையும் செய்வதில்லை. அந்த உரையாடலைக் காட்டு என்று கேட்காதீர்கள். அது நாட்குறிப்பைப் பிடுங்குவதற்குச் சமம். அது என்ன சொன்னது, அதில் உனக்கு எது சரியாகப் பட்டது, எது பொருந்தவில்லை என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். என்னிடம் வரும் பெற்றோருக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தக் கடைசிப் பகுதிதான்.

ஆனால் இந்தச் செயலிகளுக்கு ஒரு சாய்வு உண்டு, அதை அவனுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். பயன்படுத்துபவர் கேட்க விரும்புவதையே சொல்லும் போக்கு அவற்றிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடிக்குக் கொடுத்த ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று தானே ஒப்புக்கொண்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நண்பர்களோடு நடந்த சண்டையில் தவறு பாதி தன் பக்கம் இருந்தாலும், அதைச் சொல்ல ஒரு தோழன் வேண்டும். அந்தத் தோழமை பொழுதைக் கொடுத்து வாங்குவது. அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக ஏறக்குறைய 200 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் கணக்கிட்டார். அந்த நேரத்தைச் சேர்க்க அவனுக்கு இடம் அமைத்துக் கொடுப்பது, செயலியைத் தடை செய்வதைவிட முக்கியம்: விளையாட்டு, ஒரு கூட்டுவேலை, வீட்டுக்கு வந்து போகும் ஒரே ஒரு நண்பன், எதுவாகவும் இருக்கட்டும்.

தூக்கம் கெடுகிறது, இருந்த நண்பர்களையும் விலக்குகிறான், தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பற்றிப் பேசுகிறான் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு செயலியை நம்பி விட்டுவிடக் கூடாது.


பதில்: நடுப்பகல்

காலை வணக்கப் படங்களை எல்லோரும் இளக்காரமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தனியாக வாழும் பெரியவர் ஒருவர் அதை அனுப்பினால், "இன்றும் எழுந்துவிட்டேன்" என்று பொருள். எங்கள் குழுவில் பெரியப்பாவின் படம் எட்டு மணிக்குள் வராவிட்டால் யாராவது ஒருவர் அவரை அழைத்துவிடுவோம். செய்தி என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லைதான், ஆனால் அது வேறு வேலை செய்கிறது.

நான் நிறுத்தச் சொல்வது வேறு இரண்டை. ஒன்று, மனிதர்களிடமிருந்து வராத அறிவிப்புகள். அழைப்புகளும் தனிச் செய்திகளும் ஒலிக்கட்டும், மற்ற செயலிகளின் மணியோசை முழுவதையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது, 2014இல் வாட்ஸ்அப்பில் வந்த நீல நிறக் குறி. படித்துவிட்டும் ஏன் பதில் இல்லை என்ற மனத்தாங்கல் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். ஆனால் அணைத்தால் மற்றவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது, குழுச் செய்திகளுக்கு அது செல்லவும் செல்லாது.


மாலைவெயில் (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி. இரண்டு மணி நேர விதியை எடுத்துவிட்டோம். அப்பாவுடன் இனிக் குரல் அழைப்பு மட்டுமே. அம்மாவுக்குத் தனியாக எழுதினேன். முழங்காலைப் பற்றி மூன்று பத்தி வந்தது, மருத்துவர் மேல் இருக்கும் குறைகள் உட்பட. தம்பிதான் இன்னும் சிக்கல்: அவன் விழித்திருக்கும்போது நாங்கள் உறங்குகிறோம்.


பதில்: அலைவரிசை

அவருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் விழித்திருக்கத் தேவையில்லை, தாமதமும் ஒரு பொருட்டல்ல. ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடப் பதிவென்றால் அவர் வேகத்தைக் கூட்டித்தான் கேட்பார். ஒவ்வொரு பதிவிலும் அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாவது இருக்கட்டும். மாதம் ஒருமுறை அவருக்கு விடுமுறையாக இருக்கும் நாளில், உங்கள் பெற்றோரையும் சேர்த்து நேரலையில் பேச ஒரு நேரத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள். மூன்று முனை அழைப்பில் தாமதம் இன்னும் கூடும், ஆகவே யாராவது ஒருவர் பெயர் சொல்லி முறை கொடுத்து நடத்த வேண்டும். உங்கள் மகனிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.